தூரத்தில் நின்ற மானேஜர்

மண்டபம்
12-8-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மீனம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கும் மதினியின் சுகத்துக்கும் எழுதவும். மதினிக்கு இருமல் நின்றதா? தூதுவளையைச் சாக்குச் சொல்லாமல் குடிக்கச் சொல்லுங்கள்.

கண்டக்டர் வீரையா அண்ணன் லீவு நாளில் கொண்டுவந்து கொடுத்த மிளகாய் வற்றலும் கம்பு மாவும் கிடைத்தன. அவர் ஊருக்குத் திரும்பி, "ஒன் தங்கச்சி வீட்டுக் கொடியில துணி காயலை, காகிதம் காயுது" என்று சொன்னாராம். அது என்ன கூத்து என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்க ஒன்றும் இல்லை அண்ணே. படம் போடுகிறேன். மை காய வேண்டுமே, அதற்குத்தான் கொடி.

கருவாட்டுக் கம்பெனியில் டைப் அடிக்கும்போது ஓர் எழுத்து தப்பினாலும் அந்தத் தாள் குப்பைக் கூடைக்குப் போய்விடும். ஒரு பக்கம்தான் வீண். மறுபக்கம் வெள்ளை வெளேர் என்று கிடக்கும். அவற்றை எடுத்து நீவி, மடித்து, சாக்குத் தைக்கிற ஊசியால் தைத்து நோட்டாக்கிக்கொண்டேன். தேய்ந்த கார்பன் தாளை வைத்து மேலே நகத்தால் கீறினால் மீனின் செதில் அப்படியே விழுகிறது. ஸ்டாம்பு பேடில் இருக்கும் ஊதா மையை விரல் நுனியால் இழுத்தால் சாயங்காலக் கடல். கணக்குப்பிள்ளை தூக்கிப் போட்ட சிவப்பு நீலப் பென்சில் துண்டு இருக்கிறது, தாளில் ஓட்டை போடும் மிஷினிலிருந்து உதிரும் பொட்டுகளும் இருக்கின்றன. பொட்டைக் கோந்தால் ஒட்டினால் மீன் கண். நேற்று டைப் மிஷினிலேயே கோடும் புள்ளியுமாக அடித்து ஒரு வலை பின்னிவிட்டேன்.

நான் குடியிருக்கும் பின்கட்டின் சொந்தக்காரி சாலிஹா அக்கா அந்த வலையைப் பார்த்துவிட்டு, "இதுல கிழிசல் இல்லையே, நம்ப முடியலயே" என்றது. உட்கார்ந்து ஒரு கிழிசலும் போட்டுக் கொடுத்தேன்.

கோபிக்காதீர்கள். வேலை முடிந்த பிறகுதான் போடுகிறேன். பதில் எழுதவும்.

உங்கள் தங்கை,
மீனம்மாள்


முதுகுளத்தூர்
24-8-61

தங்கை மீனம்மாளுக்கு அண்ணன் கூத்தையா எழுதுவது. இங்கு நானும் ராக்குவும் சுகம். இருமல் பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். உப்புக்காற்றில் தலையில் எண்ணெய் இல்லாமல் போகாதே.

புழுதி உழவு முடிந்தது. மழை விழுந்தால் மிளகாய் நாற்றுக்கு மேட்டுத் துண்டை ஒதுக்கியிருக்கிறேன். குருநாதன் ஐயா இந்த வருஷமும் நம்மையே உழச் சொல்லிவிட்டார்.

படம் போடுகிறாய் என்று படித்தேன். போடு. பள்ளிக்கூடத்தில் சிலேட்டெல்லாம் மாடாக வரைந்து வாத்தியாரிடம் அடி வாங்கினவள்தானே நீ. ஆனால் ஆபீஸ் சாமானில் கை வைக்காதே தாயி. கூடையில் கிடந்தாலும் அது அவர்கள் கூடை. அய்யாவும் ஆத்தாவும் போன பிறகு, பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு டைப் படிப்பு என்று ஊரே கேட்டபோது நான் காது கொடுக்கவில்லை. அந்தப் படிப்புக்கு வேலை கிடைத்தது குருநாதன் ஐயா வாய்ச்சொல்லால். உன் மானேஜர் அவருடைய மைத்துனர். இங்கே நம் அடுப்பு எரிவதும் அவர் நிலத்தில்தான். இதை மறந்துவிடாதே.

நோட்டைப் பெட்டிக்குள் வை. கொடியில் காயப் போடாதே.

கூத்தையா


மண்டபம்
19-9-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

மீனம்மாள் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் மதினியும் நலமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒன்று நடந்துவிட்டது. குருநாதன் ஐயா சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி முற்றத்திலிருந்து ரயில் பெட்டிவரை பெண்கள்தான் கருவாட்டுச் சிப்பம் சுமக்கிறார்கள். ஓலையில் கட்டின பெரிய சிப்பம். தலையில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். நான் என் ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேன். போன வாரம் அதைப் படமாகப் போட்டேன். முன்னால் வருகிறவள் முருகம்மாள். தாளின் அடியிலிருந்து உச்சிவரை அவள்தான். பின்னால் மற்றவர்கள். மானேஜர் ஆபீஸ் வாசலில் குடை பிடித்து நிற்பார் அல்லவா, அவரையும் மேல் மூலையில் போட்டேன்.

மத்தியானச் சோற்று நேரத்தில் முருகம்மாள் பார்க்கக் கேட்டாள். காட்டினேன். மற்றவர்களும் கூடிவிட்டார்கள். "ஏத்தா, ஏங் கழுத்தா இது? பனை மரம் மாதிரியில்ல இருக்கு!" என்று அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது மானேஜர் வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மூலையில இது யாரு?"

"நீங்கதான் சார்."

"நான் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கேன்?"

"நீங்க தூரத்துல நின்னீங்க சார்."

சத்தியமாக நான் குறும்பாகச் சொல்லவில்லை அண்ணே. தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் முருகம்மாள், "ஆமா சார், நீங்க என்னைக்கும் அங்கனதான நிப்பீக" என்று சொல்லிவிட்டாள். முற்றம் முழுக்கச் சிரிப்பு. கணக்குப்பிள்ளைக்கு வாயில் வெற்றிலையோடு சிரித்துப் புரையேறிவிட்டது.

அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் கேள்வி. காகிதம் யாருடையது? கார்பன் யாருடையது? "காகிதமும் கார்பனும் கூடையில கெடந்தது சார். மை உங்க ஸ்டாம்பு பேடுதான். விரல்ல தொட்டேன், ஒத்துக்கிறேன்" என்றேன். கம்பெனிப் பொருளைத் திருடினேன், மானேஜரைக் கேவலப்படுத்தினேன் என்று நானே டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, எல்லார் முன்னாலும் படிக்க வேண்டுமாம். மீதி நோட்டை நானே அடுப்பில் போட வேண்டுமாம்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மதினியிடம் பதமாகச் சொல்லுங்கள்.

மீனம்மாள்


முதுகுளத்தூர்
27-9-61

மீனம்மாளுக்குக் கூத்தையா எழுதுவது. இங்கு சுகம்.

உன் கடிதம் வந்த அன்றே குருநாதன் ஐயா ஆள் விட்டுக் கூப்பிட்டார். கைகட்டி நின்றேன். "ஒந் தங்கச்சிக்கு நான் வேலை வாங்கிக் குடுத்தேன், அவ எம் மச்சான வச்சுப் பொம்மலாட்டம் ஆடுறாளாமே" என்றார். என்ன சொல்ல? பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எழுதிக் கொடுத்துவிடு. காகிதம்தானே? நீதான் நாள் முழுக்க யாரோ சொன்னதை டைப் அடிக்கிறாயே, இதையும் அப்படி நினைத்து அடி. தலையைக் குனிந்து எழுந்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. நான் குனியாத நாள் உண்டா? நோட்டை எரிக்கச் சொன்னால் எரி. வேறு தைத்துக்கொள்ளலாம்.

நாற்றுப் பாவியிருக்கிறேன். மழை வரும்போல இருக்கிறது. இந்த நேரத்தில் எனக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

நல்ல பதிலை எதிர்பார்க்கும் அண்ணன்,
கூத்தையா


மண்டபம்
3-10-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

மீனம்மாள் எழுதுவது. சுகம். உங்கள் தலைவலி நான்தான் என்று தெரிந்தும் சுகம் கேட்கிறேன், மன்னியுங்கள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவரிடம் கேட்க மாட்டேன்.

யாரோ சொன்னதை டைப் அடிப்பதும் இதுவும் ஒன்றா அண்ணே? அந்தக் கடிதங்களின் அடியில் என் பெயர் இருக்காது. இதில் இருக்கும். திருடி என்ற வார்த்தைக்குக் கீழே மீனம்மாள் என்று நானே கையெழுத்துப் போட்டால், நாளைக்கு யார் கேட்டாலும் நான் திருடிதான். நோட்டு எரிந்தால் வேறு தைக்கலாம் என்கிறீர்கள். தைக்கலாம். அதைத் தைக்கிற கைக்கு எரித்தது தெரியுமே.

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. குருநாதன் ஐயாவின் முகத்துக்காகவாம். டைப் மிஷினை எடுத்துவிட்டுச் சிப்பம் கட்டும் கொட்டகையில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். மன்னிப்பு எழுதும்வரை அதில் சும்மா உட்கார வேண்டும். பென்சில் கூடாது, மை கூடாது, பேசவும் கூடாது. ஊரே பார்க்க வெறுமனே உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் உடைந்துவிடுவேன் என்று நினைத்தார்.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் என் சேலை மடிப்பில் ஒரு குண்டூசி இருந்தது நினைவுக்கு வந்தது. சிப்பத்தில் ஒட்டும் சீட்டு ஒன்று தரையில் கிடந்தது. ஊசியால் அதில் குத்திக் குத்தி முருகம்மாளின் கையைப் போட்டேன். மையே இல்லை, வெறும் ஓட்டை. கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயிலுக்கு நேரே பிடித்தால் கை வருகிறது, விரல் கணுவெல்லாம் வெளிச்சமாக. சிப்பம் கட்ட வருகிறவர்கள் ஒவ்வொருவராக அதை வாங்கிக் கூரை ஓட்டைக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மானேஜர் வந்தால் அது வெறும் கிழிந்த சீட்டு.

கணக்குப்பிள்ளை நேற்று இருமிக்கொண்டே என் பக்கம் ஒரு ஊசிப் பெட்டியைத் தவறவிட்டுப் போனார். திரும்பி வந்து எடுக்கவில்லை.

நீங்கள் கொடுத்த வாக்கை நான் கெடுக்கிறேன். அது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் எழுத மாட்டேன். திட்டியாவது பதில் போடுங்கள்.

மீனம்மாள்


மண்டபம்
15-11-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

மீனம்மாள் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கும் கடிதம் இல்லை. சாலிஹா அக்கா, தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே என் முகத்தைப் பார்க்கிறது, அப்புறம் தன் வேலையைப் பார்க்கிறது. வீரையா அண்ணனை ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்து விசாரித்தேன். "எல்லாம் இருக்காக" என்று சொல்லி அவசரமாக விசில் ஊதிவிட்டார்.

மழை பெய்ததா? மிளகாய் நட்டாயிற்றா? மதினியின் இருமல்? என்மேல் கோபம் என்றால் கோபம் என்றே எழுதுங்கள். நான் தாங்குவேன்.

மீனம்மாள்


முதுகுளத்தூர்
22-11-61

தங்கைக்கு. இங்கு எல்லாரும் சுகம். மழை நல்ல மழை. கண்மாய் நிறைந்துவிட்டது. கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் பெட்டை. ராக்கு நன்றாக இருக்கிறாள்.

மிளகாய் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வருஷம் நடவில்லை. வேலை கொஞ்சம் அதிகம். அதனால்தான் எழுதவில்லை. கோபம் ஒன்றும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

கூத்தையா


முதுகுளத்தூர்
4-12-61

அன்பு நாத்தனார் மீனம்மாளுக்கு மதினி ராக்கு எழுதுவது. நல்லா இருக்கியா. நான் மூணாங்கிளாசோட நிறுத்துனவ. எழுத்து கோணல்மாணலா இருக்கும், பொறுத்துப் படி. ஒங்க அண்ணனுக்குத் தெரியாம எழுதுறேன். எழுதக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காக. அதை மீறிட்டேன். வேற வழி தெரியல.

நெலம் போச்சு. தீபாவளிக்கு முந்தி குருநாதன் ஐயா வீட்டுக்கு ஒங்க அண்ணன் போனாக. திரும்பி வந்து கலப்பையைத் தூக்கி எறவாணத்துல, கூரைக்கடியில, சொருகுனாக. "இனி அந்தப் பக்கம் போகக் கூடாது"ன்னாக. என்ன நடந்துச்சுன்னு கேட்டேன், சொல்லல. பாவுன நாத்தெல்லாம் வேற ஆளு பிடுங்கி நட்டுட்டான். ஊருல எல்லாம் ஒம் படத்தாலதான் நெலம் போச்சுன்னு பேசுறாக. நான் அப்பிடிச் சொல்லல.

இப்ப வெள்ளென எந்திரிச்சு கடலாடிப் பக்கம் முள்ளு வெட்டப் போறாக. கையெல்லாம் கீறலா வருது. ராத்திரி ஒறங்குறாக, நல்லாத்தான் ஒறங்குறாக. எனக்குத்தான் ஒறக்கம் வரல.

நீ என்ன செய்யணும்னு நான் சொல்லல. ஒனக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு பட்டுச்சு.

ராக்கு


மண்டபம்
12-12-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

மீனம்மாள் எழுதுவது. சுகம் கேட்டு எழுத எனக்கு இப்போது கை வரவில்லை.

மதினி எழுதிவிட்டது. அதைத் திட்டாதீர்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். கறுப்பு ஆடு குட்டி போட்டதை எழுதத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதத் தெரியவில்லையா?

ரயில் ஸ்டேஷனில் ஒரு டைப் மிஷின் இருக்கிறது. அங்குள்ள குமாஸ்தாவிடம் கேட்டு, மன்னிப்புக் கடிதத்தை இன்று அடித்துவிட்டேன். திருடினேன் என்றே அடித்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் பாக்கி. மானேஜர் தூத்துக்குடி போயிருக்கிறார், திங்கட்கிழமை வருகிறார். அன்று அவர் முன்னால் கையெழுத்துப் போட்டு, எல்லாருக்கும் கேட்கப் படித்து, நோட்டையும் கொடுத்துவிடுவேன். அப்புறம் குருநாதன் ஐயாவிடம் போய் நிலத்தைக் கேளுங்கள்.

எனக்காக நீங்கள் ஊரோடு சண்டை போட்டுப் படிக்க வைத்தீர்கள். உங்கள் கலப்பையை எறவாணத்தில் ஏற்ற வைத்துவிட்டு நான் என்ன படம் போட?

மீனம்மாள்


முதுகுளத்தூர்
15-12-61

தாயி மீனம்மாளுக்கு அண்ணன் கூத்தையா எழுதுவது. நான் சுகம், ராக்கு சுகம். ராக்குவைத் திட்டவில்லை. எழுதினது நல்லதாகப் போயிற்று என்றுதான் சொன்னேன்.

தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது. வீரையாவிடம் கொடுக்கிறேன். ராமநாதபுரத்தில் மண்டபம் பஸ் கண்டக்டர் கையில் சேர்த்துவிடுவான். இதைப் படித்துவிட்டு அந்தக் காகிதத்தை அடுப்பில் போடு. கையெழுத்துப் போட்டாய் என்று தெரிந்தால் என் வாசலை மிதிக்காதே.

நிலம் போனது உன் படத்தால் இல்லை. என்னால். நடந்ததைக் கேள்.

தீபாவளிக்கு முன்னால் குருநாதன் ஐயா மறுபடி கூப்பிட்டார். கெஞ்சத்தான் போனேன். துண்டைக் கக்கத்தில் வைத்து, வாசலில் நின்று, என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். அவர் ஒரு காகிதத்தை என்முன் போட்டார். "பாருலே, ஒந் தங்கச்சி லட்சணத்த" என்றார். உன் மானேஜர் கிழித்து அனுப்பின பக்கம்.

நீ எழுதினதைப் படித்தேனே தவிர, உன் படத்தை நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். மூட்டை சுமந்தே வளர்ந்தவன் நான். சுமக்கும்போது கழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, என் கழுத்தை நானே பார்க்க முடியாதே. அந்தப் படத்தில் தெரிந்தது. ஊதா மையில், நரம்பு நரம்பாக. கெஞ்ச வந்தவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதுல எம் மச்சான் எங்க இருக்காரு சொல்லு" என்றார். தேடினேன். நிசமாகவே தெரியவில்லை. மூலையில் என்னமோ இருந்தது. எறும்பு ஏறியிருக்கிறது என்று விரலால் தட்டிவிட்டேன். போகவில்லை. மறுபடி தட்டினேன்.

"அதுதாம்லே எம் மச்சான்!" என்று கத்தினார்.

சிரித்துவிட்டேன் தாயி. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கதவுக்குப் பின்னால் ஐயா வீட்டம்மா நின்றிருக்கிறது, மானேஜரின் கூடப் பிறந்த அக்கா. அதுவும் சிரித்துவிட்டது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"காலுல விழுந்து, சிரிச்சது தப்புன்னு சொல்லு. நெலம் ஒனக்குத்தான்" என்றார்.

"வந்த சிரிப்பு வந்துருச்சுங்கய்யா. அத எங்கிட்டுப் போயித் திரும்ப வாங்க?" என்றேன். இத்தனை வருஷம் அந்த வாசலில் என் வாயிலிருந்து சரிங்கய்யா தவிர வேறு வந்ததில்லை. இது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து கலப்பையை ஏற்றிவிட்டேன்.

ஏன் எழுதவில்லை என்கிறாய். தலையைக் குனி, ஒன்றும் குறையாது என்று உனக்கு எழுதினவன் நான். அடுத்த மாசமே நான் குனிய முடியாமல் வந்து நிற்கிறேன். இதை எந்த முகத்தோடு எழுத? நிலம் போனது எனக்கு வருத்தம்தான். சிரித்தது வருத்தம் இல்லை.

முள் வெட்டப் போவதை ராக்கு எழுதியிருப்பாள். அது கூலிக்கு இல்லை. கடலாடிப் பக்கம் ஒரு தரிசு, உவர் மண், முள் மண்டிக் கிடக்கிறது. வெட்டித் திருத்தினால் சில வருஷம் நானே உழுதுகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மிளகாய் வருமோ வராதோ. கேழ்வரகாவது வரும்.

படம் குருநாதன் ஐயா வீட்டில்தான் இருக்கிறது. அவர் கிழிக்கப் போனாராம். அந்தம்மா விடவில்லையாம்.

திங்கட்கிழமை நிமிர்ந்து போ.

கூத்தையா


மண்டபம்
8-1-1962

என் அண்ணனுக்கும் மதினிக்கும்,

மீனம்மாள் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை மதினிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தை மண்டபம் பஸ் கண்டக்டர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தார். எறும்பு வரும் இடத்தில் நானும் சாலிஹா அக்காவும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அழுதேன். அப்புறம் காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

திங்கட்கிழமை மானேஜர், "எழுதிட்டியா?" என்றார்.

"எழுதினேன் சார். எரிச்சிட்டேன்."

"அப்ப வெளியே போ."

"போறேன் சார். சம்பளச் சீட்டுல கையெழுத்து வேணும்னா இப்பவே போடுறேன். அது நான் செஞ்ச வேலைக்கு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கொட்டகைவரை கேட்டிருக்கிறது.

வேலை போய்விட்டதே என்று கவலைப்படாதீர்கள். சாலிஹா அக்காவின் அண்ணன் சதக்கத்துல்லா பாய் ராமநாதபுரத்தில் அச்சாபீஸ் வைத்திருக்கிறார். தங்கையைப் பார்க்க வந்தவர் என் நோட்டைப் புரட்டினார். சோடா, பீடி, அப்பளக்கட்டு என்று அவரிடம் லேபிள் அடிக்க வருகிறவர்கள் எல்லாரும் படம் கேட்கிறார்களாம், மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறதாம். "கூடையில கெடந்த காகிதத்துக்கா ஒன்னயத் திருடின்னான்? எங்க ஆபீசுல கூடை பெருசு. அள்ளிக்கம்மா" என்றார். பொங்கல் முடிந்து சேருகிறேன். பில்லும் டைப் அடிப்பேன், லேபிளும் போடுவேன்.

இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் போன வாரம் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

முருகம்மாள் என்னைத் தேடி வந்தாள். "நீ ராம்நாட்டுக்குப் போறியாமே. போறதுக்கு முந்தி என்னய ஒரு படம் போட்டுத் தா" என்றாள். சிப்பத்தோடு போடவா என்று கேட்டேன். "அந்தச் சனியனோடதான தெனமும் இருக்கேன். உக்காந்திருக்கிற மாதிரி போடு. வேலை நேரத்துல நான் உக்காந்ததே இல்ல" என்றாள்.

"ஒக்காராம எப்பிடி ஒக்காந்த மாதிரி போட? வந்து ஒக்காரு" என்றேன்.

மறுநாள் காலையில் வந்தாள். என் அறையில் இல்லை, கம்பெனி வாசலுக்கு எதிரே ரோட்டோரம் பூவரச மரத்தடியில்தான் உட்காருவேன் என்றாள். சாலிஹா அக்கா தன் வீட்டு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டது. ஸ்டேஷன் குமாஸ்தா கொடுத்த பழைய சரக்குச் சீட்டுகளின் பின்பக்கத்தை ஒட்டிப் பெரிய தாளாக்கி வைத்திருந்தேன். கணக்குப்பிள்ளை கொடுத்தனுப்பிய சிவப்பு நீலப் பென்சில், முழுப் பென்சில், இன்னும் சீவாதது, அதையும் எடுத்துக்கொண்டேன். முருகம்மாள் உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, நேராகப் பார்த்தாள்.

பாதி போட்டிருப்பேன். உள்ளே தண்டவாளத் துண்டில் மணி அடித்தார்கள். சரக்கு வண்டி வந்துவிட்டது. சுமை ஏற்ற வேண்டிய நேரம். நான் பென்சிலை நிறுத்தினேன்.

"நீ போடு" என்றாள்.

மறுபடி மணி அடித்தது. முருகம்மாள் முன்னால் போகாமல் மற்றவர்கள் சிப்பத்தைத் தூக்க மாட்டார்கள், அதுதான் அங்கே வழக்கம். அவர்களும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். மானேஜர் குடையோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"மணி அடிச்சது காதுல விழலையா? எந்திரி!"

முருகம்மாள் முகத்தைத் திருப்பவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. "கழுத்த ஆட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கு சார். படம் முடியல."

நான் அப்படிச் சொல்லவே இல்லை அண்ணே.

"வண்டி போயிடும்!"

"போனா நாளைக்கு வரும் சார்."

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி வந்து முருகம்மாளின் காலடியில் மணலில் உட்கார்ந்தாள். "என்னையும் சேத்துக்க" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் எல்லாரும். ரோட்டோரம் முழுக்கச் சேலை. எனக்குத் தாள் போதவில்லை. சாலிஹா அக்கா ஓடிப்போய்ச் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரை உரித்துக்கொண்டு வந்தது. மானேஜர் ஒருவரைப் பார்த்துக் கத்தினார், இன்னொருவரைப் பார்த்துக் கத்தினார், கடைசியில் யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் உள்ளே போய்விட்டார். வண்டி ஊதிப் பார்த்தது. நின்று பார்த்தது. அன்று மண்டபத்திலிருந்து கருவாடு போகவில்லை.

ஒருத்தியையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளையை விட்டு மானேஜரே கூப்பிட்டனுப்பினார். நிறுத்தினால் யார் சுமப்பது?

அன்று படம் முடிந்ததும் முருகம்மாளிடம் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். தள்ளி வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். அவளோ படத்தில் மடியில் சும்மா கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

பிறகு அந்தத் தாளைச் சுருட்டி என்னிடமே கொடுத்து, "பத்திரமா வச்சிரு, சாயங்காலம் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தாள்.

உங்கள் கைக் கீறலுக்கு மஞ்சள் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வாரேன். தரிசைப் பார்க்க வேண்டும்.

என்றும் உங்கள்,
மீனம்மாள்